மீன் கொத்தும் நேரம் மட்டும் போதாது, தண்ணீரின் சூட்டையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த தூண்டில் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெயில் ஏறிவிட்டது, கடல் சூடாகிவிட்டது, மீன்பிடியின் உச்சப் பருவம் இதுதான், இனி காலை மாலை பார்க்காமல் எந்த நேரமும் தூண்டில் போடலாம், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட்டால் கடலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். முதலில் சொன்னது அரை உண்மை. கடைசியில் சொன்னது பொய். பொய் என்பது கடுமையான சொல்தான். எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன், மனம் வரவில்லை.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தூண்டில் அப்பாவிடம் கற்றது. அவரிடம் ராடும் கிடையாது, ரீலும் கிடையாது. ஒரு மரக்கட்டையில் தங்கூசி நரம்பை, அதாவது நைலான் தூண்டில் கயிற்றை, சுற்றி வைத்திருப்பார், அவ்வளவுதான். சில நாள் கரைக்குப் போய் முழங்கால் தண்ணீரில் ஒரு நிமிடம் நிற்பார். "தண்ணி வெந்து கிடக்கு பிள்ள, வா வீட்டுக்குப் போவோம்" என்று திரும்பிவிடுவார். நான் அழுவேன். கடலில் மீன் இல்லாமலா போய்விடும் என்று கேட்பேன். "மீன் இருக்கு, வாயத் தொறக்காது" என்பார். அவர் காலால் பார்த்ததை நான் தெர்மாமீட்டரால் பார்க்க ஆரம்பித்தது வேலைக்குப் போன பிறகு.

என் கருவி ரொம்பச் சாதாரணமானது. வாய் குறுகிய கண்ணாடிப் புட்டி, அடியில் ஈயக்குண்டு, வாயில் தக்கை, தக்கைக்குத் தனிக் கயிறு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கித் தக்கையை வெடுக்கென்று இழுத்தால் குமிழி வரும். குமிழி நின்றதும் தூக்கி, உடனே தெர்மாமீட்டரைப் போட்டுப் படிப்பேன். மேல்தண்ணீரைக் கையால் மொண்டு பார்ப்பதில் பயனில்லை. காற்றே இல்லாத நண்பகலில் மேலே இருக்கும் தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருப்பதைவிட இரண்டு டிகிரி கூடக் காட்டும். செயற்கைக்கோள் படத்தில் சிவப்பும் மஞ்சளுமாக வருகிறதே, அகச்சிவப்புக் கதிரை வைத்து அளக்கும் அந்தக் கணக்கும் கடலின் மேல்தோலைத்தான் பார்க்கிறது. தலைமுடியின் தடிமன்கூட இல்லாத தோல் அது. மீன் அங்கே குடியிருக்கவில்லை.

சரி, சூடானால் என்ன? இங்கேதான் கட்டுரை வழுக்குகிறது. மீனின் உடம்பு வெந்நீரில் வேகமாக ஓடும். சுமார் 10 டிகிரி கூடினால் அதன் மூச்சுத் தேவை இரட்டிப்பாகும். பசியும் கூடத்தான் செய்யும், ஓர் அளவு வரை. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எதிர்ப்பக்கம் போகிறது. 20 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 7.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 6.2 தான். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. செலவு இரண்டு மடங்கு, வருமானம் குறைவு: குடும்பம் நடத்தியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த நேரத்தில் மீன் ஆழமான பக்கம் போய் அசையாமல் கிடக்கும், இல்லையென்றால் நீரோட்டம் அடிக்கிற இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இரையைத் துரத்தி ஓட அதற்குக் கட்டுப்படியாகாது.

இதெல்லாம் எனக்கு ஏட்டளவில் தெரிந்திருந்தும் ஒரு தப்புச் செய்தேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

ஏழு வருடம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன், என்னை அத்தை என்று கூப்பிடுவான், அப்போது பதினோராம் வகுப்பு. அவனைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரப் பாறைகளுக்குப் போனேன். காலையில் ஒன்றும் கொத்தவில்லை. கிளம்பியிருக்க வேண்டும், வெறுங்கையோடு போக அவனுக்கு மனசில்லை, எனக்கும் அவன் முன்னால் வீம்பு. மதியம் இரண்டு மணிக்கு ஒரு பாரை மீன் அடித்தது. அடித்தது என்றால் சும்மா இல்லை, ரீல் கத்திய கத்தலில் பையன் எழுந்து நின்றுவிட்டான். என் ரீலில் 12 பவுண்டு எடை தாங்கும் நரம்பு. மெல்லிய நரம்பில் பெரிய மீன் பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அந்த நாளில் எனக்கு ஒரு திமிர் உண்டு. இழுக்கும், விடுவேன்; நிற்கும், சுற்றுவேன். இப்படி 25 நிமிடம். கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. ஏழெட்டுக் கிலோ தேறும். வாலின் மேல்மடல் நுனி ஒரு விரல் அளவுக்கு இல்லை, எப்போதோ எதுவோ கடித்து ஆறிய பழைய வடு.

பையன் அதைத் தூக்கிப் பிடித்தான். நான் படம் எடுத்தேன். வெயில் கண்ணைக் கூசியது, திரும்பி நில் என்று சொல்லி இன்னொன்று எடுத்தேன். அப்புறம் அவன் படம் எடுக்க நான் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று அப்போது யாரும் எண்ணவில்லை. படங்களில் பதிவான நேரத்தைப் பின்னால் பார்த்தேன்: முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் நான்கு நிமிடம். தண்ணீரில் விட்டோம். ஒரு கணம் நின்றது, வாலை ஒரு தட்டுத் தட்டியது, போய்விட்டது. இருவரும் கை தட்டினோம். நோட்டில் எழுதினேன்: "பாரை 1, விடப்பட்டது, நலம். நீர் 32.5."

மறுநாள் காலை அதே பாறைகளின் மறுபக்கம், அலை ஒதுக்கிய குப்பையோடு வயிறு மேலே தெரியக் கிடந்தது. வால் நுனி இல்லை.

"நலம்" என்று எழுதியிருந்த வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்திலேயே மறுநாள் தேதியைப் போட்டு நடந்ததை எழுதி வைத்தேன். ஆய்வகப் பழக்கம், தப்பான முடிவை அழிக்கக் கூடாது.

மீன் போராடும்போது அதன் வெள்ளைத் தசை ஆக்சிஜன் இல்லாமலேயே வேலை செய்கிறது. அந்தக் கடனாக லாக்டிக் அமிலம் இரத்தத்தில் சேருகிறது. கடனை அடைக்க, விட்ட பிறகு பல மணி நேரம் நல்ல ஆக்சிஜன் வேண்டும். குளிர்ந்த நீரில் அடைத்துவிடும். 32 டிகிரியில் மூச்சு விடுவதற்கே பற்றாக்குறை, கடனை எங்கே அடைப்பது? அதற்கு மேல் நான்கு நிமிடம் காற்றில் செவுள் ஒட்டிப்போய்க் கிடந்தது. நீந்திப் போனது என்பது பிழைத்ததற்கு அத்தாட்சி இல்லை. களைத்த மீனுக்குப் பின்னால் சுறாவோ ஊளியோ காத்திருந்தால் அந்த வேடிக்கையும் நம் கண்ணுக்குத் தெரியாது.

உலகத்தில் இதைச் சட்டமாகவே போட்டுவிட்ட இடங்கள் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பன் மீனை, விடுவதாக இருந்தால், தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே கூடாது. அதே புளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் ஸ்னூக் என்ற மீனுக்கு வருடத்தில் இரண்டு தடைக்காலம்: டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய ஒன்று, ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய ஒன்று. குளிரில் ஏன் என்றால், அது வெப்பக் கடல் மீன், தண்ணீர் சில்லிட்டால் மரத்துப்போய் மிதக்கும். 2010 ஜனவரிக் குளிரில் அங்கே ஸ்னூக்குகள் கூட்டமாகச் செத்தன. வெயிலில் ஏன் என்றால், அப்போதுதான் முகத்துவாரங்களில் கூடி முட்டையிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கிழக்குக் கரையில் நம் கொடுவாவுக்கு நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை தடை, காரணம் அதேதான். அங்கே 120 செ.மீ.க்கு மேற்பட்ட கொடுவாவை வைத்துக்கொள்ளவும் முடியாது. கொடுவா ஆணாக வளர்ந்து பிற்பாடு பெண்ணாக மாறுகிற மீன், பெரியதெல்லாம் தாய். கட்டுரையில் "பருவ மீன்" என்று பெருமையாகப் படம் போட்டிருந்தீர்களே, அது வயிறு தள்ளிய பெரிய கொடுவா. நான் வேறொன்றும் சொல்லவில்லை.

பருவம் என்ற சொல்லையே வெப்பக் கடலில் கொஞ்சம் பார்த்துத்தான் போட வேண்டும். குளிர்நாட்டுக் கடலில் வெயில் வந்தால் மீன் வரும், சரி. வெப்பக் கடலில் வருடம் முழுக்கப் பார்த்தாலும் பல இடங்களில் தண்ணீரின் சூடு மூன்று நான்கு டிகிரிதான் ஏறி இறங்கும். இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது காற்றும் மழையும். ஒரு பருவக்காற்று ஓய்ந்து அடுத்தது பிடிப்பதற்கு முன் வரும் சில வாரங்கள்தான் படகுக்காரர்களுக்குப் பொன்னான நாட்கள்: கடல் படுத்திருக்கும், நீர் தெளியும், நெத்திலியும் சாளையும் கரைப்பக்கம் கூட்டம் கட்டும், அதன் பின்னாலேயே வஞ்சிரமும் மயில்மீனும். கரையோரமாகக் காற்று பல நாள் அடித்து மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனால் அடியிலிருந்து சில்லென்ற நீர் ஏறி வரும். ஓமன் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றில் இப்படித்தான், ஊரெல்லாம் வெயில் காலம், கடல் மட்டும் குளிரும். அந்த நீரில் உரம் அதிகம், நுண்ணுயிர் பெருகும், சின்ன மீன் பெருகும். ஆனால் அலை தூண்டில்காரரைக் கிட்டவே விடாது. பலன் காற்று விழுந்த பிறகு.

மழைக்குப் பிறகு வேறு கதை. ஆற்று வெள்ளம் கலங்கலாகக் கடலில் விழும்போது மீன்பிடிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் வெள்ளம் வடிகிற வாரங்களில் போய் நின்று பாருங்கள்: கழுத்தில் துண்டு போட்டதுபோல் பழுப்பும் நீலமும் ஒரே கோட்டில் பிரிந்து நிற்கும். ஓடைகள் வயல்வெளியிலிருந்து கொண்டுவருகிற பொடிமீனுக்காகக் கொடுவா அந்தக் கோட்டில் வரிசை கட்டும். வட ஆஸ்திரேலியாவில் மார்ச்சிலிருந்து மே வரை இதற்கென்றே ஆட்கள் பயணம் போகிறார்கள். அங்கே கெய்ர்ன்ஸ் கடலில் பெரிய கருப்பு மார்லின் என்ற ஈட்டிமூக்கு மீனுக்கான காலமும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரைதான். 1966 செப்டம்பரில் 1,064 பவுண்டு மீன் ஒன்று ராடில் பிடிபட்ட பிறகுதான் அந்த இடம் பேர் வாங்கியது. கடும் வெயிலும் புயலும் வருகிற மாதங்கள் அதற்குப் பின்னால். ஆக, வெயிலின் உச்சமும் மீன்பிடியின் உச்சமும் ஒன்று என்று எழுதும்போது யாராவது ஒருமுறை நாட்காட்டியைப் பார்த்திருக்கலாம்.

வெயில் காலத்தில் போகவே கூடாதா என்று கேட்பார்கள். நான் போகிறேன். வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். நேரத்தை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். பொழுது விடிகிற நேரத்தில் ஏற்றம் இருக்கிற நாளாகப் பார்த்துப் போவேன். ஏறுகிற நீர் வெளிக்கடலின் நீர், கொஞ்சம் குளுமையாக வரும். மத்தியானத்து வற்றம் அப்படியில்லை, சேற்றுத் திட்டில் காய்ந்து கொதித்த தண்ணீர் திரும்பி வடிகிறது. அதில் கால் வைத்தால் அப்பா சொன்னதன் பொருள் தெரியும். குளிர்காலத்தில் இதே கணக்கு தலைகீழ், அப்போது அந்த வெதுவெதுத் தண்ணீரைத் தேடி மீனே வரும். இன்னொன்று, இதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன்: பாசியும் கடற்புல்லும் நிறைந்த உப்பங்கழிக்குள் விடியற்காலை ஆக்சிஜன் ஆகக் குறைவு. செடிகளும் இரவெல்லாம் மூச்சு விடுகின்றனவே. கழிக்குள் போடுகிறவர்கள் சூரியன் ஏறி ஒரு மணி நேரம் பொறுத்துப் போடலாம். முகத்துவாரத்தில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே நீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

நரம்பை 30 பவுண்டுக்கு மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் மீன் கைக்கு வர வேண்டும். வளைந்து உள்ளே திரும்பிய முள்தான் போடுகிறேன். இயற்கை இரை கோத்தால் அது தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். கையை நனைக்காமல் மீனைத் தொடுவதில்லை, வழவழப்புப் போனால் புண் வரும். படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும் வரை எடுப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் சட்டம். தம்பிமார்கள் சிரிப்பார்கள். பத்து விநாடியில் சிரிப்பு நின்றுவிடும். ஆழமான பாரிலிருந்து, அதாவது கடலடிப் பாறைத்திட்டிலிருந்து, வரும் களவா, செப்பிலி மீன்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம்தான் எழுத வேண்டும். 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தாலே வயிற்றுக் காற்றுப்பை இரண்டு மடங்கு விரிந்துவிடுகிறது, அதை அப்படியே மேலே விட்டால் மிதந்தே சாகும். அது வெயில் காலம் குளிர் காலம் எல்லாவற்றுக்கும் பொது.

32 டிகிரி தாண்டினால் நான் விட்டுவிடப்போகிற மீனைப் பிடிப்பதில்லை. சமைக்க ஒன்று வேண்டும் என்றால் ஒன்று பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இது என் கோடு. இன்னொருவர் 31 என்று வைக்கலாம், மீனுக்கு மீன் மாறவும் செய்யும். ஆனால் ஒரு கோடு இருக்க வேண்டும். இனிமேல் சும்மா இருக்கிற காலமும் இல்லை. 2023 ஜூலையில் புளோரிடாவின் மேனட்டி விரிகுடா மிதவை ஒன்றில் 38.4 டிகிரி பதிவானது. நாம் குளிக்கிற வெந்நீர் அது. ஆழமில்லாத, காற்றில்லாத ஒரு மூலைதான், வாஸ்தவம். ஆனால் பவளப்பாறைகள் வழக்கமான வெயில்காலச் சூட்டைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் இருந்தாலே வெளுக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2016, 2017, 2020, 2022, 2024 என்று வரிசையாக வெளுத்தது. பார் போனால் பார் மீன் எங்கே நிற்கும்?

இப்போது என் கோரிக்கை. தங்கள் நாளிதழில் தினமும் ஏற்றம் வற்றம் நேரம் போடுகிறீர்கள், பக்கத்தில் மீன் கொத்தும் வாய்ப்பென்று ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் போடுகிறீர்கள். அமாவாசை பௌர்ணமிக்கு ஐந்து, அட்டமிக்கு இரண்டு. நிலவை மட்டும் பார்த்துப் போடுகிறீர்கள் என்று புரிகிறது, அதில் தப்பில்லை. அந்த நாட்களில் நீரோட்டம் பலமாக இருக்கும். ஏற்றத்தின் ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதி நீர் ஏறுகிறது, அந்த நேரத்தையும் சேர்த்துப் போட்டால் நட்சத்திரத்தைவிட உபயோகம். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி கேட்கிறேன்: காலை ஆறு மணிக்கு, ஒரு மீட்டர் ஆழத்தில், கடல்நீர் எத்தனை டிகிரி. 32 தாண்டுகிற நாட்களில் நட்சத்திரங்களை எடுத்துவிட்டு "விடுவதற்காகப் பிடிக்க வேண்டாம்" என்று மூன்று சொல் போடுங்கள். இடம் இல்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

யார் தினமும் அளப்பது என்று கேட்டால், நான் எப்படியும் அளக்கிறேன். புட்டியும் கயிறும் இருக்கிறது. காலை ஆறே காலுக்குள் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிடுவேன், காசு வேண்டாம். உடம்பு சரியில்லாத நாளில் பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொள்வான். இப்போது அவன் கல்லூரியை முடித்துவிட்டான், தக்கையை என்னைவிடச் சுத்தமாக இழுக்கிறான்.

இன்று காலை 30.5.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர், தங்கள் நெடுநாள் வாசகி

பி.கு.: அந்தப் படத்தை, நான்கு நிமிடப் படத்தை, இத்துடன் இணைத்திருக்கிறேன். கட்டுரையின் தொடர்ச்சி வருவதாக இருந்தால் கொடுவாவுக்குப் பதில் இதைப் போடலாம். பையனின் முகம் தெரியாமல் வெட்டிவிடுங்கள். வால் தெரியட்டும்.